பல் வைத்த ஏணி

மலைமேல் பைல் நாட்டில் ஒரு வெள்ளைக்காரர் ஆரஞ்சுத் தோட்டம் போட்டு நொடித்துப் போனார். ஜெர்மன் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. மகன் மலைக்காய்ச்சலில் செத்ததும் அவனைப் பங்களாவுக்குப் பின்னால் புதைத்துவிட்டு, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு மலையிறங்கியவர் திரும்பி வரவே இல்லை. கதவு, சன்னல், ஓடு எல்லாவற்றையும் ஊரார் எடுத்துக்கொண்டார்கள். மீதியைக் கரையானும் மழையும் பார்த்துக்கொண்டன. கொஞ்ச வருஷத்தில் பங்களா இருந்த இடம் செங்கல்லும் உண்ணிச்செடியுமாக ஒரு மேடாகிவிட்டது. துரைமேடு என்று அதற்குப் பெயர்.

அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது அண்ணன் காளியண்ணன் ஓடையோரத்து வயலை எடுத்துக்கொண்டான். தம்பி கருப்பண்ணனுக்குத் துரைமேடு வந்தது. கருப்பண்ணன் வாயைத் திறந்து எதையும் கேட்கிறவன் இல்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். அவன் மனைவி அத்தாயிதான் அந்த மேட்டை நிலமாக்கினாள்.

அத்தாயிக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். நல்ல உயரம். பேச்சு அதிகம், சிரிப்பு அதைவிட அதிகம். கேட்க ஆள் இல்லாவிட்டால் கடப்பாரையோடும் கல்லோடும் பேசிக்கொண்டே வேலை செய்வாள். தனியாக முணுமுணுப்பாள் என்று பின்னால் அவளுக்கு எதிராகச் சொன்னார்கள். அவளுக்கு ஒரே ஒரு பையன் பிறந்து, நடக்கத் தொடங்கிய வயதில் காய்ச்சலில் போயிருந்தான். அவன் செத்தபோது யாரும் குறி சொல்கிற கோடாங்கியைக் கூப்பிட்டு உடுக்கை அடிக்கவில்லை. காய்ச்சல் வந்தது, போய்விட்டான் என்று சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். அவனைப் புதைத்த கையோடு கடப்பாரையை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனவள், ஒரு கோடை முழுக்கச் செங்கல்லைப் பெயர்த்து ஓரத்தில் அடுக்கினாள்.

அப்படித் தோண்டும்போதுதான் அந்தத் தகரப்பெட்டி கிடைத்தது. பெட்டி இற்றுப்போயிருந்தது. உள்ளே மெழுகுத்துணியில் சுற்றியிருந்த சாமான் மட்டும் துருவில்லாமல் பளபளத்தது. சாணும் சொச்சமும் நீளமுள்ள தகர ஏணிகள். நேராகச் சில, வளைந்து சில. இரண்டு பக்கமும் கம்பி, குறுக்கே படிபோலத் தகடுகள். ஆனால் எந்த ஏணியிலும் இல்லாத ஒன்று இதில் இருந்தது. இரண்டு கம்பிகளுக்கும் நடுவே, நீளவாட்டில், ரம்பம் மாதிரி பல்வரிசை.

ஊரில் ஒருவருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. மரநாய் பிடிக்கிற பொறியாக இருக்கும் என்றான் கருப்பண்ணன். துரை ஆரஞ்சுக் கிளை அறுக்க வைத்திருந்த ரம்பம் என்றான் காளியண்ணன். ஊர்க்கவுண்டர் சென்றாயன் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, வெள்ளைக்காரன் எதற்கோ செய்திருப்பான் என்று திருப்பிக் கொடுத்தார். மலையில் யாரும் ரயிலைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் விளங்கியிருக்காது என்பது பிறகு தெரிந்தது.

அத்தாயி அதற்கு ஒரு வேலை கண்டுபிடித்தாள். அந்தப் பல்லில் குச்சிக்கிழங்கை வைத்து இழுத்தால் தோல் சுத்தமாக வந்தது. ஒன்றைக் கிழங்கு சீவ வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கூரை விளிம்பில் கட்டித் தொங்கவிட்டாள். காற்றடித்தால் அவை ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போடும். காளியண்ணனின் மகளும் மகனும் சித்தி வீடே கதியென்று கிடக்கிற குழந்தைகள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஓடி வந்து கையை நீட்டுவார்கள். பல் கையைக் கிழித்துவிடும் என்று அத்தாயி ஒருநாளும் அதை அவர்கள் கையில் கொடுத்ததில்லை. அதற்குப் பதிலாக வெந்த கிழங்கைக் கொடுப்பாள்.

அந்த வருஷம் ஐப்பசி மழையோடு காய்ச்சல் வந்தது. நாட்டில் பல ஊர்களில் குழந்தைகள் செத்தன. காளியண்ணன் வீட்டில் பெண் முதலில் போனாள். அவளைப் புதைத்த ஈரம் காய்வதற்குள் பையன் போனான். அவர்களைப் பெற்ற பாப்பாயி சோறு தண்ணீர் இல்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நாலைந்து நாள் கழித்து அவள் பேசிய முதல் பேச்சு, இரண்டு பிள்ளைகளும் கடைசியாக வாயில் வைத்தது அத்தாயி கொடுத்த கிழங்கு என்பதுதான்.

காளியண்ணன் கீழ்நாட்டுக்குப் போய் ஒரு கோடாங்கியைக் கூட்டி வந்தான். கோடாங்கி உடுக்கை அடித்தான், குறி பார்த்தான், இரும்பும் பல்லும் கண்ணுக்குத் தெரிகிறது என்றான். அதற்குள் காளியண்ணன் வழியெல்லாம் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். அந்தச் சாமானை எடுத்து வரச் சொன்னபோது யாரும் தொட முன்வரவில்லை. அத்தாயியே எடுத்து வந்தாள். நடக்கப்போவது என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. கிழங்கை எப்படிச் சீவுவது என்று சீவியே காட்டினாள். எல்லோரும் முகத்தை இறுக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்புகூட வந்தது.

கோடாங்கியும் அப்படி ஒன்றை அதுவரை பார்த்ததில்லை. தெரியாது என்று சொன்னால் அவன் பிழைப்பு என்னாவது?

"ஏணிங்க இது," என்றான். "பல்லு வெச்ச ஏணி. புள்ளைங்க உசுரு இதுல ஏறி வருமுங்க. நடுவுல இருக்கற பல்லு கடிச்சு எடுத்துக்கும். தம் புள்ளை போனவ, அடுத்தவ புள்ளையக் கேக்கறா."

ஊர் கூடியது. காளியண்ணன் சென்றாயன் காலில் விழுந்து அழுதான். சிலர் அவளைக் கொன்றுவிட வேண்டும் என்றார்கள். சென்றாயன் அதற்கு ஒப்பவில்லை. தன்னைக் கருணை உள்ளவர் என்று அவர் நம்பினார். ஆளைக் கொல்ல வேண்டாம், முன்பல்லைப் பிடுங்கிவிட்டால் மந்திரம் வாயில் நிற்காது, அதோடு மலையை விட்டு இறக்கிவிடலாம் என்று தீர்ப்புச் சொன்னார்.

அவளைத் தொட மற்றவர்கள் பயந்தார்கள். புருஷன் தொட்டால் தோஷமில்லை என்றான் கோடாங்கி. கருப்பண்ணன் உட்கார்ந்து அவள் தலையைத் தன் இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டான். அவள் கீழேயிருந்து அவன் முகத்தையே பார்த்தாள். மாமா, நீ சொல்லு மாமா என்றாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். காளியண்ணன்தான் குறடு பிடித்தான். மேல் வரிசையில் நான்கு, கீழ் வரிசையில் நான்கு. ஒன்று பாதியில் உடைந்துவிட்டது. கோடாங்கி வேரோடு வர வேண்டும் என்றான். அதனால் மறுபடியும் தோண்டினார்கள். முதல் இரண்டுக்கு அவள் கத்தியது ஓடைக்கு அந்தப் பக்கம் கேட்டது. பிறகு சத்தம் நின்றுவிட்டது. பாப்பாயி எதிரே உட்கார்ந்து கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

தகர ஏணிகளை ஒன்று விடாமல் நாரில் கோத்து அவள் கழுத்தில் மாட்டி, காரவள்ளிக்கு இறங்குகிற தடத்தில் விட்டார்கள். தடி வைத்துக்கொண்டு சிலர் பின்னாலேயே வந்து, கடைசி ஓடையைத் தாண்டியதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அடுத்த தை மாதம் துரைமேட்டில் காளியண்ணன் ஏர் ஓட்டினான். கல் பொறுக்கிய நிலம், மண் நன்றாக இருந்தது.

காரவள்ளியில் வெங்கிடுசாமி என்று ஒரு விவசாயி. கிணற்றுப் பாசனத்தில் கேழ்வரகும் நிலக்கடலையும் போடுகிறவர். அவர் தோட்டத்து மாட்டுக்கொட்டகையில் ஒரு பெண் வாய் வீங்கி, காய்ச்சலோடு கிடப்பதை அவர் மனைவி பழனாயி பார்த்தாள். கஞ்சி ஊற்றினாள். உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வைத்தாள். பாதி இரக்கம், பாதி கணக்கு. கொட்டகைக்கு ஒரு ஆள் தேவையாக இருந்தது. அத்தாயி தேறியதும் அங்கேயே சாணி அள்ளவும் மாடு பார்க்கவும் நின்றுவிட்டாள். சோறும் துணியும் கூலி.

நடந்ததை அவள் மறைக்கவில்லை. பல் போன வாயில் வார்த்தை குழறும். பழனாயி திரும்பத் திரும்பக் கேட்டுப் புரிந்துகொண்டாள். ஏணிகளை எடுத்து வரச் சொல்லிப் பார்த்தாள். பழனாயி சேலத்துக்குப் போய் வந்தவள்.

"இது ரயில் ரோடாட்டம் இருக்குது புள்ளே," என்றாள். "ரயிலு இப்படித்தான் ரெண்டு கம்பி மேல ஓடும். அதையே சிறுசாப் பண்ணி வெச்சிருக்கறானுங்க."

அத்தாயிக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. அது இன்னது என்று தெரிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் நம்பினாள். மலைக்குப் போய்ச் சொல்லலாம், கருப்பண்ணன் வந்து கூட்டிப்போவான் என்று பழனாயியிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு வெங்கிடுசாமியின் வண்டி சேலத்துக்குப் போகும்போது தானும் வருவதாகக் கெஞ்சினாள். மடியில் ஒரு ஏணியை வைத்துக்கொண்டு போனாள்.

சேலத்தில் ரயில் கேட் பக்கம் அவளை இறக்கிவிட்டுப் பார்க்கச் சொன்னார்கள். தண்டவாளத்தைப் பார்த்தாள். இரண்டு கம்பி, குறுக்கே படி. அதேதான். குனிந்து மடியில் இருந்ததை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அப்புறம்தான் கவனித்தாள். ரயில் ரோட்டில் நடுவே ஒன்றும் இல்லை, வெறும் ஜல்லி. தண்டவாளத்தோடு கொஞ்ச தூரம் நடந்து பார்த்தாள். எங்கேயாவது பல் இருக்காதா என்று தேடினாள். கேட்காரர் சத்தம் போட்டு விரட்ட வந்தவர், அவள் கையில் இருந்ததை வாங்கிப் பார்த்தார். ரயில் பாதையில் பல் கிடையாது, பல் இருந்தால் வண்டி எப்படிப் போகும், இது வேறு ஏதோ சாமான் என்று சொல்லிவிட்டார்.

திரும்பி வரும்போது அவள் வழிநெடுக அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அதுவரை அவள் மீது பிறருக்குத்தான் சந்தேகம் இருந்தது. இப்போது அவளுக்கே வந்துவிட்டது. ரயில் ரோடு இல்லை, ரம்பம் இல்லை, பொறி இல்லை என்றால் அது என்ன? அத்தாயியின் பையன் செத்தது அந்தப் பெட்டியைத் தோண்டுவதற்கு முன்னால் என்று பழனாயி எடுத்துச் சொன்னாள். அது மண்ணுக்குள் அப்போதே இருந்ததே என்றாள் அத்தாயி. பழனாயியின் கைக்குழந்தை தவழ்ந்து கொட்டகைப் பக்கம் வந்தால் எழுந்து தூரப் போய்விடுவாள். குழந்தை அழுதாலும் தூக்கமாட்டாள். ஏணிகளைச் சாக்கில் கட்டி, வைக்கோல் போருக்கு அடியில் சொருகி வைத்தாள். தூக்கி எறியவும் பயம். யாராவது எடுத்து, அங்கேயும் ஒரு பிள்ளை செத்தால்?

இப்படியே எட்டு வருஷம் போல ஓடியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறிலோ ஏழிலோ, மலைக்குப் போக ஒரு வெள்ளைக்காரப் பெண் காரவள்ளிக்கு வந்தாள். முப்பது வயதுக்காரி. தம்பியின் சமாதியைப் பார்க்கப் போவதாக அவளோடு வந்த பட்லர் சின்னராசு சொன்னான். டோலி தூக்கவும் சாமான் சுமக்கவும் ஆள் சேரும்வரை வெங்கிடுசாமி தோட்டத்துப் புளியமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். துரைமேட்டுத் துரையின் மகள்தான் அவள் என்று பேச்சுவாக்கில் தெரிந்ததும் அத்தாயி ஓடிப்போய்ச் சாக்கை இழுத்து வந்து அவள் முன்னால் அவிழ்த்தாள்.

அந்தப் பெண் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு துண்டை எடுத்தாள். இன்னொன்றை எடுத்து அதன் முனையில் செருகினாள். கண் எங்கேயோ இருக்க, விரல்கள் தாமாகவே கோத்துக்கொண்டு போயின. வளைந்தவை வட்டமாயின. நேரானவை அதிலிருந்து கிளம்பின. ஒரு கல்லை எடுத்து முட்டுக்கொடுத்து அவற்றைச் சரிவாக மேலே ஏற்றினாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது.

அவள் சொன்னதைச் சின்னராசு தமிழில் சொன்னான். இது விளையாட்டு ரயிலுக்கு உண்டான பாதை. சாதாரண விளையாட்டு ரயிலுக்கு நடுப்பல் இருக்காது. இது மலை ஏறுகிற ரயில். எஞ்சினுக்கு அடியில் ஒரு பல்சக்கரம் இருக்கும், அது இந்தப் பல்லைப் பிடித்துப் பிடித்து ஏறும். ஊட்டிக்குப் போகிற ரயிலுக்கும் நடுவே இப்படித்தான் பல் உண்டு. ஜெர்மனியில் செய்தது; சண்டைக்கு முன்னால் அப்பா தம்பிக்கு வாங்கித் தந்தார். இந்தியாவில் வேறு யாரிடமும் இதைப் பார்த்ததில்லை. தம்பி செத்தபோது எஞ்சினை அவனோடு பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள். பாதையைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. சமையற்காரன் திருடிவிட்டான் என்று அப்பா அவனைச் சவுக்கால் அடித்து விரட்டினார். பாவம், அவன் எடுக்கவில்லை போலிருக்கிறது.

அத்தாயி கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு சின்னராசுவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதை அங்க வந்து சொல்லச் சொல்லுங்க சாமி. எங்கூர்ல, எல்லாரு முன்னாலயும். என்னையும் கூடக் கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லுங்க." வாயைத் திறந்து காட்டினாள். "இதுக்காவத்தான் எனக்கு இப்படிப் பண்ணுனாங்கன்னு சொல்லுங்க."

சின்னராசு சொன்னான். எவ்வளவு சொன்னான் என்று யாருக்கும் தெரியாது. துரைசானி அத்தாயியின் வாயைப் பார்த்தாள், சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊர்க்காரர்கள் சண்டையில் தான் தலையிடுவதில்லை என்று சொன்னாள். இதை இத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்ததற்கு நன்றி சொன்னாள். கூடையிலிருந்து ஒரு டப்பா பிஸ்கோத்து எடுத்துக் கொடுத்தாள். ஏணிகளைத் துடைத்து ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினாள். ஒன்றையாவது விட்டுவிட்டுப் போகச் சொல்லி அத்தாயி அழுதாள். ஒன்று குறைந்தாலும் வட்டம் சேராதாம் என்றான் சின்னராசு. துரைசானியிடம் வம்பு வேண்டாம், விடு என்று வெங்கிடுசாமி அவளை அதட்டினார்.

துரைசானி மலையில் தம்பியின் சமாதிக்கு வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டு, வடக்குத் தடத்தில் இறங்கிப் போய்விட்டாள். ஆனால் டோலி தூக்கினவர்கள் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்கள். அது பொம்மை ரயிலின் ரோடு என்ற சேதி அந்த வாரமே பைல் நாடு முழுக்கத் தெரிந்துவிட்டது. அத்தாயி கருப்பண்ணன் வருவான் என்று காத்திருந்தாள். மழை வந்தது, அறுவடை வந்தது. அவன் வரவில்லை. கடைசியில் அவளே ஏறிப் போனாள்.

அவள் வீட்டில் வேறொருத்தி இருந்தாள். இரண்டு பிள்ளைகள் வாசலில் நின்றன. கருப்பண்ணன் வெளியே வந்து பார்த்தான், உள்ளே போய்விட்டான். அவள் நேராகச் சென்றாயனிடம் போனாள். அவருக்கு வயதாகியிருந்தது. உட்காரச் சொல்லி, குடிக்க மோர் கொடுத்தார்.

"எல்லாருக்குந் தெரியும் கண்ணு," என்றார். "அது பொம்மைதான். இல்லீன்னு சொல்லல. இப்ப நாட்டைக் கூட்டி அதைச் சொல்லோணும்னா, அந்தப் புள்ளைங்க எதுல செத்துதுன்னு காளியண்ணன் கேப்பான். எங்கிட்ட என்ன பதில் இருக்குது? உம் பல்லைத் திருப்பிக் குடுக்க முடியுமா? போனது போகட்டும். நீ இங்க இருக்க வேண்டாம்."

திரும்பும் வழியில் பாப்பாயி எதிரே வந்தாள். அத்தாயி அக்கா என்று கூப்பிட்டாள். பாப்பாயி நின்றாள். அவள் கத்தவில்லை, மெதுவாகத்தான் கேட்டாள்.

"பொம்மைன்னா ஒரு நாளாச்சும் எம் புள்ளைங்க கையில குடுத்திருப்பீல்ல. கேட்டுக் கேட்டு அழுகுமே. ஏன் குடுக்கல?"

அதற்கு அத்தாயியிடம் பதில் இருந்தது. கையைக் கிழிக்கும் என்று பயந்தேன் என்பதுதான் பதில். ஆனால் வாயிலிருந்து வந்தது வெறும் காற்றாக இருந்தது. பாப்பாயி காறித் துப்பிவிட்டு நடந்தாள்.

அதன்பிறகு அத்தாயி மாறிப்போனாள் என்று பழனாயி சொல்வாள். சந்தேகம் போய்விட்டது; பழனாயியின் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டாள், வேலையை முன்னைவிடச் சுத்தமாகச் செய்தாள். ஆனால் முகத்தில் ஒன்றும் இல்லை. மாடும் வண்டியும் அவள் பொறுப்பில் வந்தன. ஆண்பிள்ளை மாதிரி வண்டி பூட்டி சேந்தமங்கலம் சந்தைக்கு ஓட்டிப் போவாள்.

நாற்பத்தொன்றில், மழை விட்ட ஒரு நாள் மத்தியானம், கருப்பண்ணன் ஒரு பையனைத் துப்பட்டியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குள் வந்தான். பின்னால் பாப்பாயி. காளியண்ணன் இரண்டு வருஷத்துக்கு முன்பே செத்திருந்தான். இது அவளுக்கு வெகுநாள் கழித்துப் பிறந்த பையன், அஞ்சு வயது. உடம்பு அனலாகக் கொதித்தது. கண் மேலே செருகியிருந்தது. நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், வண்டி வேண்டும். காரவள்ளியில் வேறு வண்டிகள் எல்லாம் கடலை ஏற்றப் போயிருந்தன. வெங்கிடுசாமியும் பழனாயியும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். கொட்டகையில் வண்டி இருந்தது, மாடு இருந்தது, அத்தாயி இருந்தாள்.

அவள் யாரென்று தெரிந்ததும் கருப்பண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அத்தாயி அவனைப் பார்க்கவே இல்லை. மாட்டை வெளியே கொண்டுவந்து நிறுத்தி, நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு பாப்பாயியிடம் கேட்டாள்.

"அது என்னன்னு சொல்லு. பூட்டறேன்."

பாப்பாயிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"புள்ளை சாகுது அத்தாயி."

"அது என்னன்னு சொல்லு."

கருப்பண்ணன் குறுக்கே ஏதோ சொல்ல வந்தான். அத்தாயி மாட்டை மறுபடி கொட்டகைக்குள் திருப்பக் கயிற்றில் கை வைத்தாள். பையனுக்குக் கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை வந்தது. பாப்பாயி அவனையும் பார்த்தாள், இவளையும் பார்த்தாள். பெற்ற இரண்டைப் பறிகொடுத்தவள், அந்தச் சாவுக்கு ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு அத்தனை வருஷம் நின்றவள். அதை விட்டால் அவள் கையில் எதுவும் இல்லை. அத்தாயி அவளுக்கு அவகாசம் கொடுத்தாள். மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றாள். அவசரமே படவில்லை.

"பொம்மை," என்றாள் பாப்பாயி.

"எதுக்குண்டான பொம்மை?"

"ரயிலு... பொம்மை ரயிலு ஓடற ரோடு."

"எம் பல்லை எதுக்குப் புடுங்குனீங்க?"

பாப்பாயி தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணுக்குமில்ல. ஒண்ணுக்குமில்ல ஆத்தா. உட்டுரு. எம் புள்ளைய உட்டுரு."

அத்தாயி வண்டியைப் பூட்டினாள். மாட்டை அடித்து விரட்டி நாமக்கல் போய்ச் சேர்ந்தாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், கொயினா மருந்து கொடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் கோபித்துக்கொண்டார். பையன் பிழைத்தான். ஒரு காது மட்டும் கேட்காமல் போய்விட்டது.

திரும்பி வந்து பழனாயியிடம் இதையெல்லாம் அவளே சொன்னாள். சொல்லும்போது அவள் முகம் தெளிவாக இருந்தது, வெகு வருஷத்துக்குப் பிறகு அன்று வயிறாரச் சாப்பிட்டாள் என்று பழனாயி சொல்வாள். பையன் செத்திருந்தால் என்ன பண்ணியிருப்பாய் என்று பழனாயி கேட்டாள். செத்திருப்பான் என்றாள் அத்தாயி.

பாப்பாயி தன் வாயால் ஒப்புக்கொண்டது மலைக்குப் போகும், இனி யாரும் மறுக்க முடியாது என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். மலைக்குப் போன கதை வேறு. பல்லைப் பிடுங்கியும் அவளுக்குச் சக்தி போகவில்லை; பிள்ளையின் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, தான் சொல்லச் சொன்னதைச் சொன்ன பிறகுதான் விட்டாள்; அவள் காலைத் தொட்டதும் இழுப்பு நின்றது. பாப்பாயி இதைப் பொய்யாகச் சொல்லவில்லை. அவள் கண்ணுக்கு அப்படித்தான் நடந்தது. கருப்பண்ணனும் ஆமாம் என்றான்.

கொஞ்ச நாளில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மலையில் இன்னொரு நாடான பெரக்கரை நாட்டிலிருந்து ஒரு தாய் காய்ச்சல் பிள்ளையோடு வந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிக் கொடு, சொல்லிவிடுகிறேன் என்று காலில் விழுந்தாள். அத்தாயி விளக்குமாற்றால் அடித்து விரட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். அவள் விரட்டினால் இன்னும் அதிகம் பேர் வந்தார்கள். கீழ்நாட்டுக்காரர்களும் வந்தார்கள். கோழி, சாமை, வாழைத்தார் என்று கொட்டகை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அவளுக்கு இடுப்பு வலி வந்து மாட்டு வேலை பார்க்க முடியாமல் போனபிறகு வெங்கிடுசாமி சோற்றைக் குறைத்தார். அந்த வருஷம் அவள் யாரையும் விரட்டவில்லை. தலையில் கை வைத்து, பல்லில்லாத வாயால் எதையோ முணுமுணுப்பாள். என்ன முணுமுணுத்தாள் என்று ஒருவருக்கும் புரிந்ததில்லை. சில பிள்ளைகள் பிழைத்தன, சில பிழைக்கவில்லை. பிழைக்காத பிள்ளைகளின் தகப்பன்மார் இரண்டு தடவை வந்து அவளை அடித்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

நாற்பத்தாறு புரட்டாசியில் அவள் கொட்டகையிலேயே செத்துப் போனாள். மலையிலிருந்து யாரும் வரவில்லை. வெங்கிடுசாமி தோட்டத்து மூலையில் குழி வெட்டச் சொன்னார். வெட்ட வந்த ஆட்கள், இப்படிப்பட்டவளை மல்லாக்கப் புதைத்தால் எழுந்து வருவாள், குப்புறப் போட வேண்டும் என்றார்கள். வெங்கிடுசாமி சரியென்று தலையாட்டினார். பழனாயிக்குப் பொறுக்கவில்லை. அந்தத் துரைசானி சொன்னதை நீங்களும்தானே பக்கத்தில் நின்று கேட்டீர்கள் என்றாள்.

"கேட்டேன். பொம்மைதான்," என்றார் வெங்கிடுசாமி. "எதுக்கும் இருக்கட்டும்."

குப்புறத்தான் போட்டார்கள்.